மீன் தொடாத பருந்து

அந்தக் குளவி மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வராமல் போயிருந்தால் எனக்கு அந்த எண்ணம் தோன்றியே இருக்காது.

விஸ்வகர்மா பூஜை முடிந்து நான்காம் நாள் மாலை. கல்கத்தாவின் அலிப்பூரில், கோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கும் ரூபாதி வீட்டின் கார் கொட்டகை. கார் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அங்கே சுவரோரமாகக் கூண்டுகள். ஈரச் சாக்கு, பினாயில், மீன் மூன்றும் கலந்த வாடை. வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

நான் மூன்றாம் கூண்டுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து உள்ளே இருந்த பறவையைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு துண்டு. ப்ளீஸ். எனக்காக வேண்டாம், உனக்காக."

அது என்னைப் பார்க்கக்கூட இல்லை. காலையில் வைத்த மீன் துண்டுகள் தட்டில் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தன. வந்த நாளிலிருந்து அது தானாக ஒரு வாய் தின்னவில்லை. முந்தின நாள் ரூபாதி அலகைப் பிரித்துக் கோழித் துண்டை உள்ளே தள்ளினார். கால் மணி நேரத்தில் அப்படியே வெளியே கக்கிவிட்டது. நெஞ்சைத் தடவினால் எலும்பு கத்தி முனைபோல விரலில் பட்டது.

அப்போதுதான் அந்தக் குளவி வந்தது. மீன் வாடைக்கு வந்திருக்க வேண்டும். நான்காம் கூண்டுக்குள் நுழைந்தது. அங்கே இருந்த பருந்து தலையைச் சிலுப்பி, கண்ணை மூடி, பின்வாங்கியது. குளவி அடுத்து மூன்றாம் கூண்டுக்குள் போய், என் பறவையின் முகத்தில், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே உட்கார்ந்தது.

பறவை அசையவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. குளவி எழுந்து பறந்ததும் கழுத்தை நீட்டியது. நீட்டியது, நீட்டியது, இன்னும் நீட்டியது. பருந்துக்கு இவ்வளவு கழுத்து ஏது? குளவி கம்பிக்கு வெளியே வந்து, கொட்டகையைச் சுற்றி, ஜன்னல் வழியாக மறையும்வரை அதன் கண்கள் பின்தொடர்ந்தன. நான்கு நாட்களில் அது எதையாவது ஆசையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுந்து கூண்டை நெருங்கினேன்.

கூண்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். 'எண் 3. ஊர்ப்பருந்து. இடது இறக்கையில் நூல் வெட்டு. உணவு: மீன், கோழி.' கையெழுத்து என்னுடையது.

பத்து விநாடிப் புகழ்

அந்த அட்டையை எழுத எனக்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதில்தான் அப்போது எனக்குப் பெருமை.

ரூபாதியின் பெயர் ரூபா. 'தி' என்றால் இங்கே அக்கா. வங்கியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்குரியா ஏரிக்கரையில் பறவை பார்க்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. நான் அதில் சேர்ந்த இரண்டாவது மாதமே எனக்குத் 'தொஷ் செகண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார். பத்து விநாடி. எது தலைக்கு மேல் போனாலும் பத்து விநாடிக்குள் பெயர் சொல்லிவிடுவேன் என்பதால்.

"காப்யா, நீ பறவை பாக்குறியா, இல்ல பஸ் நம்பர் பாக்குறியா?" என்பார். காவ்யா என்ற என் பெயர் இங்கே எல்லார் வாயிலும் காப்யாதான். நானும் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

உண்மையில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அலுவலகத்தில்தான். விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்த புதிது. ஒன்பதாவது மாடி கேண்டீனில் கண்ணாடிச் சுவர். டீயோடு அங்கே போய் நின்றால், பருந்துகள் நமக்குக் கீழே வட்டம் போடும். வாழ்நாள் முழுக்கப் பருந்தின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறோம். முதுகை யார் பார்த்தது? முதுகில் வெயில் பட்டால் காப்பிக்கொட்டை வறுத்த நிறம். அன்று டீ ஆறிப்போனது. அந்த வாரமே தவணையில் பைனாகுலர் வாங்கினேன். (அதை மெட்ரோவில் மறந்துவிட்டு இறங்கிய கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்துவிட்டு, கிடைத்ததா என்று கேட்டவர்களுக்கு: கிடைத்தது. உறை மட்டும் இல்லை.)

என் அறைத் தோழி ஜெனிட்டா தூத்துக்குடிக்காரி. அதே அலுவலகம், வேறு மாடி. பறவை என்றாலே அவளுக்குப் பொரித்ததுதான். "ஏட்டி, ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு எந்திச்சு ஏரிக்குப் போயி காக்காயப் பாக்குதியே, ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். அது காக்காய் இல்லை என்று சொன்னால், "கறுப்பா இருக்கு, பறக்குது. அப்பொறம் என்ன?" என்பாள்.

ஒரு பறவைக்குப் பத்துச் சட்டை

ஜெனிட்டாவைக் குற்றம் சொல்ல முடியாது. இரைகொல்லிப் பறவைகளைப் பொறுத்தவரை பாதி நேரம் நாங்கள் பார்ப்பதும் அதுதான். கறுப்பாக இருக்கும், பறக்கும்.

மீன்கொத்தியைப் பாருங்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு மின்கம்பியில் உட்கார்ந்து, 'நான்தான்' என்று சொல்லும். கழுகுக்கும் பருந்துக்கும் அந்தத் தயவு கிடையாது. அவை எப்போதும் வெயிலுக்கு முதுகைக் காட்டும். நமக்குக் கிடைப்பது ஒரு நிழல். நிழலில் நிறம் இல்லை. அருகில் ஒப்பிட எதுவும் இல்லாததால் அளவும் தெரியாது. உயரத்தில் இருக்கும் பெரிய கழுகும் தாழ்வாக வரும் சிறிய வைரிப் பறவையும் பைனாகுலருக்குள் ஒரே அளவில் இருக்கும்.

சரி, வடிவத்தை வைத்துப் பிடிப்போம் என்று பாடம் படிப்போம். வால் நடுவில் பிளந்திருந்தால் ஊர்ப்பருந்து. வட்டமாக இருந்தால் வேறு. அழகான விதி. ஆனால் இறகு உதிர்க்கும் காலத்தில் ஊர்ப்பருந்துக்கே பிளவு காணாமல் போய்விடும். இளம் பறவைக்கு ஒரு கோலம், மூத்த பறவைக்கு வேறு கோலம்.

எல்லாவற்றிலும் மோசம் தேன்பருந்து. பெயர்தான் தேன். உண்மையில் அது தேடிப் போவது தேனீக்களின், குளவிகளின் கூட்டில் இருக்கும் புழுக்களை. நிறமோ, கறுப்பிலிருந்து வெள்ளைவரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்று பழுப்பு, ஒன்று வரிக்குதிரை, இன்னொன்று அசல் கழுகைப்போலவே நெஞ்சில் கோடு போட்டிருக்கும். நான் கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் எரிச்சலோடு புரட்டிவிடுவேன். பத்துப் படங்கள், ஒரே பெயர். இந்த நகரத்துக்கு நடுவில் அது எங்கே நம் கையில் சிக்கப்போகிறது என்று நினைப்பு.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் கடைசியாக ஒரு வரி உண்டு. 'பெயர் தெரியாத இரைகொல்லி: ___'. எத்தனை என்று அங்கே நிரப்ப வேண்டும். ரூபாதி ஒவ்வொரு வாரமும் அதில் இரண்டு, மூன்று என்று கூச்சமே இல்லாமல் போடுவார். என் பட்டியலில் அந்த வரி எப்போதும் காலி. காலியாக இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பூஜை நாள்

கல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜை என்றால் காற்றாடி. தொழிற்கூடங்களில் பூஜை முடிந்ததும் ஊரே மொட்டைமாடிக்கு ஏறிவிடும். ஒரு காற்றாடி அறுந்தால் பக்கத்து மாடியிலிருந்து 'போ கட்டா!' என்று கூச்சல். பார்க்க அவ்வளவு அழகு. நானும் போன வருடம்வரை விட்டிருக்கிறேன்.

காற்றாடி விழுந்துவிடும், மாஞ்சா நூல் மரத்திலேயே தங்கிவிடும். வானத்தில் அந்த உயரத்தில் வட்டம் போடுவது யார்? பருந்துதான். ஆகவே அன்று மாலையிலிருந்து ரூபாதியின் தொலைபேசி ஓயாது. அடிபட்ட பறவைகளுக்கு முதலுதவி செய்து, தேறியதும் வனத்துறை ஆட்கள் முன்னிலையில் பறக்கவிட அவர் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார். நாங்கள் இரண்டு மூன்று பேர் கைவேலைக்கு.

அட்டைப்பெட்டிகளில் வந்துகொண்டே இருந்தன. ஒரு ஆட்டோக்காரர் தன் சட்டையிலேயே சுற்றி எடுத்துவந்தார். கால்நடை டாக்டர் ஒரு மேஜையில் தையல் போட, ரூபாதி பறவையைப் பிடிக்க, நான் அட்டை எழுதினேன். இங்கே ஒரு முறை உண்டு: காயத்துக்கு டாக்டர் பொறுப்பு, தீனிக்கு அட்டைதான் பொறுப்பு. அட்டையில் என்ன பறவை என்று இருக்கிறதோ அதற்கான சாப்பாடு கூண்டுக்குப் போகும். காலையில் தீனி வைக்க வருபவர் பறவையைப் பார்த்து வைப்பதில்லை, அட்டையைப் பார்த்து வைப்பார். அவ்வளவு கூண்டுகளுக்கு வேறு வழியும் இல்லை.

மூன்றாம் பெட்டி திறந்தபோது உள்ளே கரும்பழுப்பாக ஒன்று, நூலில் சிக்கி, வால் கிழிந்து தும்பாகி இருந்தது. தலையில் ஈரத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அப்போதுதான் பறவை மிரளாது.

"இது?" என்றார் ரூபாதி.

"சில்," என்றேன். வங்காளியில் பருந்துக்கு அதுதான் பெயர்.

"வால் பாத்தியா?"

"வாலே இல்லையே ரூபாதி, எங்க பாக்கறது? இன்னிக்கு வந்தது எல்லாமே சில்தானே. அடுத்தது?"

அவரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நான்காவது, ஐந்தாவது பெட்டிகள் காத்திருந்தன.

கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே

இப்போது குளவி போன பிறகு, கைபேசி விளக்கை ஏற்றி, கூண்டுக் கம்பியில் என் நெற்றி படும்வரை குனிந்தேன்.

ஊர்ப்பருந்துக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மெல்லிய தோல். அதில் ரோமம்போலச் சில முடிகள், அவ்வளவுதான். இதற்கு அந்த இடம் முழுக்கச் சின்னச் சின்ன இறகுகள், ஓடு வேய்ந்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்று, நெருக்கமாக. குளவி கொட்டினாலும் உள்ளே இறங்காது. தலை புறாவின் தலைபோலச் சிறிது. மூக்குத் துவாரம் வட்டமில்லை, ஒரு கீறல். நகங்கள் கொக்கிபோல வளையாமல் நீண்டிருந்தன. கூட்டைத் தோண்டும் நகங்கள்.

எரிச்சலோடு புரட்டிய அந்தப் பக்கம்.

ஒரு வருடமாக நான் வானத்தில் நிழல் பார்த்தே பழகியிருந்தேன். பறவை கைக்குள் வந்து உட்கார்ந்தபோது முகம் பார்க்கத் தெரியவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. நான்கு நாட்களாக ஒரு தேன்பருந்தின் முன்னால் மீனை வைத்துவிட்டு, அது ஏன் தின்னமாட்டேன் என்கிறது என்று அதன்மேலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன்: உடனே ரூபாதியிடம் ஓடவில்லை. மாடிப்படியில் நின்று கைபேசியில் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். எங்காவது, எப்படியாவது, இது ஊர்ப்பருந்தாகவே இருந்துவிடாதா என்று. பத்து விநாடியில் எழுதியதை மாற்ற எனக்கு இருபது நிமிடம் ஆனது.

ரூபாதி சமையலறையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் துணியை வைத்துவிட்டுக் கீழே வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொதுபாஜ்," என்றார். தேன்பருந்துக்கு வங்காளிப் பெயர்.

"என் தப்பு ரூபாதி. நான்தான்…"

"ஆரே, கையெழுத்து யாரோடது? என்னோடது. அழுறதா இருந்தா அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து அழலாம். முதல்ல அட்டையை மாத்து." பிறகு கூண்டருகே எழுதி வைத்திருந்த எடைகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மதியத்துக்குள்ள ஏதாவது உள்ள போகணும். இல்லன்னா நாம அட்டை மாத்தினதும் வீண்."

டாக்டரைக் கூப்பிட்டார். இன்னொரு முறை அலகைப் பிரித்துத் திணித்தால் அந்த பயத்திலேயே போய்விடும், தானாகத் தின்ன வைக்கப் பாருங்கள் என்று அவரும் சொன்னார்.

தேனீப் புழு. நாளை மதியத்துக்குள். கல்கத்தாவில்.

மாமியின் ஜன்னல் கிரில்

ஜெனிட்டாவை அழைத்தேன். அவள் பங்குக்கு உதவினாள்.

"இத்தன நாளா மீனு வேண்டாம்னுச்சா? கல்கத்தாவுல மீனு வேண்டாம்னு சொல்லுத ஒரே ஜீவன் அதுதாம்ட்டி. பேரே தேன்பருந்துங்கிய, கடையில ஒரு பாட்டில் தேன் வாங்கி ஊத்து."

வேறு எதுவும் தோன்றாததால் அதையும் செய்தோம். ஒரு கரண்டித் தேனை மரக்கட்டையில் தடவி வைத்தோம். எறும்புதான் வந்தது.

அன்று படுக்கப் போகும் முன் ஜெனிட்டாவே கேட்டாள். "பவானிபூர் மாமி வீட்டு ஜன்னல்ல ஒரு தேனடை தொங்குச்சே? நீகூட அங்க போயி சண்ட போட்டியே?"

அதை நான் மறக்கவில்லை. நினைத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பவானிபூர் மாமி எங்களைப்போன்ற தனி ஆட்களுக்கு ஞாயிறு மதியம் சாப்பாடு போடுபவர். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலின் வெளிக் கிரில்லில் கொம்புத்தேனீ கூடு கட்டியிருந்தது. சிறிய தேனீ, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமான ஒற்றை அடை. இரண்டு மாதம் முன்பு மாமி அதைக் கலைக்க ஆள் கூப்பிட்டபோது நான் ரசம் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, தேனீக்கள் இல்லாவிட்டால் பூவில்லை, காயில்லை, நாமும் இல்லை என்று அரை மணி நேரம் பேசினேன். வந்த ஆள் கைகட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மாமி அன்றிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்கவில்லை.

காலை ஆறரை மணிக்கு அதே வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றேன்.

"என்னடிம்மா, கார்த்தாலயே? ஞாயித்துக்கெழமைகூட இல்லையே," என்றார் மாமி.

விஷயத்தைச் சொன்னேன். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்ன பிரசங்கம்! பூவில்லே, காயில்லே, மாமி நீங்களும் இல்லேன்னு. ரெண்டு மாசமா என் சமையல்கட்டு வெந்துண்டிருக்கு, காத்து கிடையாது. இப்போ ஒரு பருந்துக்கு ஒத்தாசைன்னதும் தேனீ வேண்டாமாக்கும்?"

"பாதி போதும் மாமி. மேல் பாதியில தேன் இருக்கும், அதுல கை வைக்க வேண்டாம். கீழ் பாதியிலதான் புழு. அதை மட்டும் எடுத்தா அதுங்க மறுபடி கட்டிக்கும்."

"மறுபடி கட்டிக்குமா? அப்போ என் ஜன்னல்?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். நான் தூங்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

"அது சாப்ட்டு எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட அஞ்சு மாமி. நான் தப்பா எழுதினதால."

மாமி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சாம்பிராணிக் கரண்டி புகைந்துகொண்டிருந்தது. தலைமுதல் கால்வரை ஒரு பழைய போர்வை. கண் மட்டும் தெரிந்தது. "நான் புகை போடறேன், நீ வெட்டு. கொட்டினா கத்தாதே, மாமா தூங்கறார்."

ஜன்னல் இரண்டு மாதத்துக்குப் பிறகு திறந்தது. புகை பட்டதும் தேனீக்கள் ஒரு திரையைச் சுருட்டுவதுபோல மேல்பக்கம் ஒதுங்கின. கீழே வெளிர் மஞ்சளில், மூடி போட்ட சின்ன அறைகள். சமையலறைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். ஒன்று கட்டைவிரலில் கொட்டியது. கத்தவில்லை. கத்தியது மாமி, ஒன்று போர்வைக்குள் போய்விட்டது. மாமா எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது என் விரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே மாமி சொன்னார்: "அது சாப்ட்டா உடனே போன் பண்ணு. சாப்டலேன்னாலும் பண்ணு."

கிளையில் கட்டிய அடை

அலிப்பூர்வரை ஷேர் ஆட்டோவில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு மூன்று தேனீக்கள் இன்னும் ரீங்காரம் போட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டு டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

அடையைத் தட்டில் வைக்கப்போன என் கையை ரூபாதி பிடித்தார்.

"தட்டுல வெச்சா அதுக்கு இது சாப்பாடுன்னு எப்படித் தெரியும்? அது எங்க தேடும்? மரத்துல."

கொல்லையிலிருந்து ஒரு மாங்கிளையை ஒடித்து வந்து, அடையைச் சணல் கயிற்றால் அதில் கட்டி, கூண்டுக்குள் சாய்த்து வைத்தோம். முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டோம். பிறகு திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் கூண்டுக்காரர் தன் மீனைக் கிழித்துத் தின்னும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம். கால் மணி. அலுவலகத்திலிருந்து இரண்டு அழைப்புகள், துண்டித்தேன். புடவையின் ஒரு கிழிசல் வழியாகப் பார்த்தேன். அது கிளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. இறகைச் சிலிர்த்து உருண்டையாகி, கண் பாதி மூடி. சாகப்போகும் பறவைகள் அப்படி உட்காரும். பூஜைக்கு மறுநாள் ஒன்பதாம் கூண்டில் ஒன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

"ரூபாதி, அது பாக்கவே மாட்டேங்குது."

"சும்மா இரு."

பிறகு ஙொய்யென்று ஒரு மெல்லிய சத்தம். அடையில் ஒட்டிக்கொண்டு வந்த தேனீ ஒன்று சிறகடித்தது. கழுத்து திரும்பியது. முதலில் கழுத்து மட்டும். பிறகு உடம்பு. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொரு கால். கிளையில் ஏற முயன்று சறுக்கி, மறுபடி ஏறியது. அடைக்கு முன்னால் நின்று தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது, நகைக்கடையில் நிற்பவர்களைப்போல.

பிறகு அலகின் நுனியால் ஒரு மூடியைத் திறந்து, உள்ளிருந்த வெள்ளைப் புழுவை எடுத்தது.

நான் இதுவரை பார்த்த எந்தப் பருந்தும் அப்படிச் சாப்பிட்டதில்லை. கிழிக்கவில்லை, பிய்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்தது. மெழுகு உடையும் சத்தம், பொரி மெல்வதுபோல. ரூபாதி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அது எவ்வளவு இறுக்கம் என்று விட்ட பிறகுதான் தெரிந்தது.

மாமிக்கு போன் செய்தேன். "தின்னுடுத்தா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மாமாவிடம் உரக்கச் சொல்லிவிட்டார்.

மறுபடியும் எல்லாக் கூண்டும்

அன்று அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். ரூபாதி ஒரு கட்டு வெற்று அட்டைகளைக் கையில் கொடுத்தார். "ஒண்ணு விடாம எல்லாத்தையும் புதுசா எழுது. முகம், கால், மிச்சம் இருக்கிற வால். தெரியலேன்னா தெரியலேன்னு எழுது."

மாலைவரை ஆயிற்று. பதினொன்றாம் கூண்டில் இருந்தது இளம் செம்பருந்து. அதையும் ஊர்ப்பருந்து என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கும் மீன்தான் சாப்பாடு என்பதால் தப்பித்தது. ஏழாம் கூண்டை மூன்று முறை பார்த்தும் எனக்கு நிச்சயமாகவில்லை. 'தெரியவில்லை. டாக்டர் பார்க்கவும்' என்று எழுதினேன். அந்த மூன்று சொற்களை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. எழுதிய பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை.

தேன்பருந்து இப்போது தினமும் தின்கிறது. மாமி தன் கட்டடத்தில், பக்கத்துக் கட்டடத்தில் என்று விசாரித்து அடை இருக்கும் இடங்களைச் சொல்கிறார். இறக்கைத் தையல் ஆறிவிட்டது. ஆனால் வால் இல்லை. பன்னிரண்டு இறகுகளில் ஏழு நடுவிலேயே ஒடிந்திருக்கின்றன. வால் இல்லாமல் அதனால் திரும்ப முடியாது, தரையிறங்க முடியாது. ஒடிந்தவை தானாக உதிர்ந்து புதிதாக முளைக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தினம் ஒரு அடைக்குக் கல்கத்தாவில் எத்தனை ஜன்னல்களைத் திறப்பது?

ரூபாதிதான் அந்த யோசனையைச் சொன்னார். ஒடிந்த இறகின் அடித்தண்டு உள்ளே குழாய்போலக் காலியாக இருக்கும். அதில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகி, அதன் மறுமுனையில் வேறொரு பறவையின் முழு இறகைப் பொருத்தி, பசை வைத்து ஒட்டுவது. தேன்பருந்தின் இறகுக்கு எங்கே போவது? ஆனால் ஒன்பதாம் கூண்டில் இறந்துபோன ஊர்ப்பருந்தின் வால் இறகுகளை, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார். நீளம் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது.

ஒட்டினால், அது ஊர்ப்பருந்தின் வாலோடு பறக்கும். கீழே நின்று பார்ப்பவர் என்ன பெயர் சொன்னாலும் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

சனிக்கிழமை காலை டாக்டர் வருகிறார். இப்படி ஒட்டுவதை அவர் ஒரு முறை பார்த்திருக்கிறார், செய்ததில்லை. ரூபாதி பறவையைப் பிடித்துக்கொள்வார். மூங்கில் சீவுவது என் பொறுப்பு: தீக்குச்சியைவிட மெல்லியதாக ஏழு குச்சிகள், ஒவ்வொன்றும் அதனதன் தண்டுக்கு ஏற்ற அளவில். நேற்று மாலை முழுக்க உட்கார்ந்து நான்கு சீவினேன். மூன்று உடைந்துவிட்டன. இன்று வேறு மூங்கில் வாங்கி வந்திருக்கிறேன்.